இன்னும் ஒரு மணி நேரம்

வாசலில் வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மேஜைமேல் மலைபோலக் கிடந்தன. பாதிகூட இஸ்திரி ஆகவில்லை. நாங்களோ இஸ்திரிப் பெட்டிகளை அணைத்துவிட்டு நின்றோம்.

"இன்னும் ஒரு மணி நேரம்மா. ரெண்டு பங்கு கூலி தர்றேன், போதுமா?"

முதலாளி கெஞ்சினார். இன்று விரிப்பு போய்ச் சேராவிட்டால் ஆஸ்பத்திரி வேலை வேறு லாண்டரிக்குப் போய்விடும். அது போனால் எங்கள் லாண்டரிக்குப் பூட்டுதான்.

யாரும் அசையவில்லை. பூட்டுப் போட வேண்டும் என்று எங்களுக்கு மட்டும் ஆசையா என்ன?

இந்த வம்பை விலைக்கு வாங்கியவரே அவர்தான். சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கு மாதாமாதம் அரசாங்க உதவி என்று அறிவித்தபோது மனுஷருக்கு வாயெல்லாம் பல். சம்பளம் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் அது வரும். கொஞ்சம் தாண்டினாலும் அந்த மாதத்து உதவி முழுசாகப் போச்சு. உடனே எங்கள் கூலியைக் குறைத்தார், நேரத்தை வெட்டினார். எல்லோரையும் வரம்பின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். மிச்சத்தை கவர்மென்ட் தரப்போகிறது, உங்களுக்கு என்ன குறை என்று சிரித்தார்.

இன்று மாதக் கடைசி. இனி ஒரு மணி நேரம் நின்றால் வரம்பு தாண்டிவிடும்; உதவிப் பணத்தில் கட்டும் என் வீட்டு வாடகை அம்போ.

கணக்கில் எழுதாமல் கையில் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். பக்கத்துத் தையல் கடைக்காரி அப்படி வாங்கித்தான் மாட்டிக்கொண்டாள். யாரும் கை நீட்டவில்லை.

ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியின் மனைவி. நாங்கள் அண்ணி என்போம். காலையில் எங்களுக்கு முன்னால் வருவாள், எங்களை அனுப்பிவிட்டுத்தான் போவாள். அவள் வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை.

"அவளப் பாருங்க! சொந்த வேலைன்னு நினைக்கிறவ நிக்கிறாளா இல்லையா?" என்றார் முதலாளி.

எனக்குச் சுருக்கென்றது. முதலாளி பெண்டாட்டிக்கு என்ன வரம்பு, என்ன வாடகை? வயிற்றெரிச்சலோடு அவளைப் பார்த்தேன்.

அண்ணி கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்தாள். பெட்டியை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி, எங்களுடையவை தொங்கும் ஆணியிலேயே மாட்டினாள்.

"எனக்கும் இந்த மாச வரம்பு முடிஞ்சு போச்சுங்க. இவங்களோட சேர்த்து என் பேரையும் வேலையாளுன்னுதானே கவர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

அண்ணி எங்கள் பக்கம் நடந்து வந்தாள்.

"சம்பளமும் சரி, உதவியும் சரி, நான்தான் இன்னும் கண்ணால பார்க்கல."

வாசலில் ஹாரன் நின்றது. வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கொஞ்சம் நகர்ந்து, என் பக்கத்தில் அண்ணிக்கு இடம் விட்டேன்.