இன்ஜின் பிரிக்காத வண்டி

"இன்ஜினை யாராவது பிரிச்சிருக்காங்களான்னு கேட்பாங்க. பிரிக்கவே இல்லைன்னு சொல்லணும். முழிக்காமச் சொல்லணும்."

காரை நிறுத்திவிட்டு, புரோக்கர் மூன்றாவது முறையாக மனைவிக்குப் பாடம் நடத்தினார். பழைய கார்களைக் கைமாற்றிவிட்டே தலை நரைத்த மனுஷர். இரண்டு தடவை இன்ஜின் இறக்கி ஏற்றிய வண்டியை, நேற்றுதான் கம்பெனியிலிருந்து வந்தது போல் தள்ளிவிடுவதில் கில்லாடி.

"பொய் சொன்னா எனக்கு விக்கல் வரும்ங்க," என்றாள் மனைவி.

"வந்தா தண்ணி குடி."

இன்றைக்குத் தள்ளிவிட வேண்டிய வண்டி வேறெதுவும் இல்லை, அவரேதான். பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான், வயிற்றில் ஐந்தாறு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாமாம்.

ஆனால் சிறுநீர் அடைப்புக்காக அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை சுரண்டி, இன்னொரு தடவை லேசரும் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டதுமே இரண்டு ஆஸ்பத்திரிகளில், "உள்ளே எல்லாம் தழும்பா ஒட்டிக்கிட்டிருக்கும், வேற இடம் பாருங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இது மூன்றாவது இடம், மாப்பிள்ளை தேடிப் பிடித்தது. "மாமா, இந்த டாக்டர் உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே..." என்று அவர் ஃபோனில் ஆரம்பிக்கும்போதே, "அட்ரஸ் போதும் மாப்பிள்ளை" என்று புரோக்கர் வைத்துவிட்டார். எதிராளியை முழுசாகப் பேசவிட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. ஆனால் இங்கேயும் விரட்டிவிட்டால் அப்புறம் எங்கே போவது என்ற பயமும் காலையிலிருந்தே இருந்தது.

உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு பழைய ஃபைல், தலையணை தடிமனில், மடியில் இருந்தது. புரோக்கருக்கு அவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"விவரம் தெரியாத ஜனங்க. இதையெல்லாம் காட்டினா எந்த டாக்டர் எடுப்பார்?" என்று மனைவியின் காதைக் கடித்தார். அவருடைய ஃபைலும் ஸ்கேனும் காரின் டிக்கியில், வண்டி துடைக்கிற துணிக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தன. கையில் கொண்டுவந்தது புற்றுநோய் என்று சொன்ன ஒற்றைத் தாள்தான்.

டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஏதாவது பண்ணியிருக்கா? சுரண்டினது, லேசர், அந்த மாதிரி?"

"சேச்சே! கை படாத உடம்பு டாக்டர். எங்க தொழில்ல சொல்ற மாதிரி சொன்னா, இன்ஜின் பிரிக்காத வண்டி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், ரொம்ப முக்கியம்."

"யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

டாக்டர், புரோக்கரின் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

புரோக்கர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"முப்பத்தாறு வருஷமா கூடவே இருக்கேன் டாக்டர். ஷேவ் பண்றப்போ வெட்டிக்கிட்டதைத் தவிர, இவர் மேல கத்தியே பட்டதில்ல."

ஒரு விக்கல்கூட வரவில்லை. இப்பேர்ப்பட்ட ஆளை இத்தனை வருஷமும் தொழிலில் சேர்க்காமல் விட்டுவிட்டோமே என்று புரோக்கர் பூரித்துப்போனார்.

டாக்டர் தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் சுலபமாப் பண்ணிடுவாங்க. வேற இடம் பாருங்க."

புரோக்கர் தாளை மறுபடியும் டாக்டரிடம் நீட்டினார். "ஏன் டாக்டர்... நீங்க எடுக்க மாட்டீங்களா?"

"ஏற்கெனவே பிரிச்ச வண்டி மட்டும்தான் சார் நான் பார்க்கிறது."