நான்கு மணிக்கு வரும் குரல்

கராஜில், பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் அமர்ந்து, நான்கு மணிக்கு மார்லிஸ் தன் கணவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் மணி ஒலித்தது. ஆர்விட் உடனே எடுத்தார்.

சென்ற குளிர்காலத்தில், கூரையில் பனி வாரும்போது அவர் விழுந்தார். தலைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் மனைவியை நேரில் பார்த்தால், மார்லிஸின் தோற்றத்தில் வந்திருக்கும் வேறொருத்தியாகவே தெரிகிறாள். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டால்தான் அவள் மார்லிஸ். கண்ணுக்கும் மனதுக்கும் இடையிலான பாதை அறுந்துவிட்டது, காதுக்கு உரியது தப்பிவிட்டது என்று டுலூத் நகர மருத்துவர் விளக்கியிருந்தார்.

எனவே தான் தங்கை வீட்டில் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லி, நாள்தோறும் கராஜுக்கு வந்து அவள் சற்று நேரம் மனைவியாக இருந்தாள்.

அந்தப் பெண் உன் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், அவள் போடும் காபி வெறும் கழுநீர் என்றார் ஆர்விட். முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் அந்தக் காபியை அப்படித்தான் சொல்லிவருகிறார். மார்லிஸ் சிரித்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மான் வேட்டைத் துப்பாக்கிய எடுத்து வெச்சிருக்கேன், மார்லி. அவ வெளிய போயிருக்கா. உள்ள வரட்டும். அப்புறம் நீ சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடலாம்."

துப்பாக்கியை அவள் பூட்டித்தான் வைத்திருந்தாள். மீன்பிடிச் சாமான் அலமாரியின் சாவி எங்கே என்று சென்ற வாரம் அவர் அவளிடம் நேரிலேயே கேட்டார். மனைவியிடம் கேட்பதுபோல் கேட்டாரே என்ற மகிழ்ச்சியில் சொல்லிவிட்டாள். துப்பாக்கிப் பூட்டின் சாவியும் அதே வளையத்தில் இருந்தது.

போலீஸை அழைக்கலாம். ஆனால் துப்பாக்கியோடு நிற்பவரை அவர்கள் நோயாளியாகப் பார்க்கமாட்டார்கள்.

"அவள நான்தான் அனுப்பினேன், ஆர்விட். நல்லவ. அவ குடுக்கறதச் சாப்பிடு. நான் இனிமே வரமாட்டேன்."

எப்போதுமேவா என்று கேட்டார். எப்போதுமே என்றாள். இனி அழைக்கவும் மாட்டேன் என்றாள்.

சுவர் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் அவருடைய அழுகை கேட்டது. பின்பு, துப்பாக்கியிலிருந்து எடுத்த தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேசைமீது வைக்கப்படும் ஓசை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆர்விட் எழுந்து, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓராண்டில் அதுவே முதல் முறை.

"மன்னிச்சுக்குங்க. உங்க பேரு என்னங்க?"

அதை மட்டும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.