பெருசா அடிச்சா சிறுசாவுது

"இன்னாம்மா இது, பேரு பொருந்தலைன்னே சொல்லிக்கினு கெடக்குது!"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் சேவியர்ராஜ், மவுஸை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னுமா?" என்றாள், பக்கத்து ஸ்டூலில் இருந்த மணிமொழி.

ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. வெப்சைட்டில் விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். வேலை இல்லையென்று சொல்லிக்கொண்டு திருநாவலூருக்குப் போய் அப்பா முகத்தில் விழிக்க அவளால் முடியாது.

"நீயே பாரு. சர்டிபிகேட் நம்பரைப் போட்டா ஒம் பேரு கேப்பிடல் லெட்டர்ல வருது. நானும் கேப்பிடல்லதான் அடிக்கிறேன். அடிக்க அடிக்க அதுவே ஸ்மால் லெட்டரா மாத்திக்குது. மாத்திட்டு, ரெண்டும் வேற வேறன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருது!"

"ரெண்டு பேரையும் ஸ்மால் லெட்டரா மாத்திட்டுதாண்ணா ஒத்துப் பாக்கணும். ப்ரோகிராம்ல ஒண்ண மட்டும் மாத்தி வுட்டுட்டாங்க. ஒரு வரி சேத்தா போதும்."

"ஒனக்குத் தெரியுது, எழுதுன மகராசனுக்குத் தெரியலையே! சோறுதான் துன்றானா அவன்? ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்க மாட்டான்?"

மேஜைமேல் இருந்த மணிமொழியின் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்து, கட் செய்தாள்.

"யாரும்மா, காலையிலேர்ந்து வுடாம அடிக்கிறாங்க?"

"வேண்டாதவங்கண்ணா."

சேவியர்ராஜ் திரையில் வந்த பெயரையே காப்பி செய்து ஒட்டிப் பார்த்தார். அதுவும் சிறுத்துப் போனது. பொறுமை போய், ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தெரியும் சார், காலையிலேர்ந்து இதே கம்ப்ளெயிண்ட்தான்," என்றது அழாக்குறையாக ஒரு குரல். "அதை எழுதுனவங்களைப் போன வாரம் வேலையைவிட்டு நிறுத்திட்டோம். பாஸ்வேர்டு அவங்ககிட்ட மாட்டிக்கிச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாங்க."

"நிறுத்துனீங்களா? ரொம்ப நல்ல காரியம்! இங்க ஒரு பொண்ணோட பொழப்பு போவுது சார். மணி நாலரை ஆவுது!"

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்சம் லைன்ல இருங்க சார். அவங்களுக்கு இன்னொரு வாட்டி போட்டுப் பாக்குறேன்."

மேஜைமேல் மணிமொழியின் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது.

சேவியர்ராஜ் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தமிழ்லயே பேருங்களை அடிச்சு டெஸ்ட் பண்ணிட்டேண்ணா. தமிழ்லதான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கெடையாதே," என்று முனகியபடி, மணிமொழி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.