கூட்டி எழுதிய வயது

கள்ளக்குறிச்சி மைதானத்தில் வெண்ணிலா ஆறாவது கோலைப் போட்டதும், சென்னை கால்பந்து கிளப்பின் கோச் எழுந்து நின்று கைதட்டினார். அவர்களுடைய அகாடமிக்குப் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்களைத் தேடி வந்திருந்தார். தேர்வானால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கிளப் பொறுப்பு.

சான்றிதழ் பார்க்கும் மேசையில் இருந்த ராஜாங்கம் வாத்தியாருக்கும் பூரிப்புதான், அவளுடைய பள்ளிச் சான்றிதழைப் பிரிக்கும் வரை.

"இன்னாம்மா இது? ஒரு மாசம் வயசு ஜாஸ்தியா இருக்குதே!"

"நெசத்துல பன்னெண்டுதாங்க சார்," என்றாள் மலைக் கிராமத்திலிருந்து மகளை அழைத்து வந்திருந்த செல்லியம்மாள். "வூட்டுலயே பொறந்த புள்ள. நான் கூலிக்குப் போவணும்னு நாலு வயசுலயே பள்ளிக்கூடத்துல வுட்டேன். வாத்தியாரு ஒரு வயசு கூட்டி எழுதி சேத்துக்கினாரு."

ராஜாங்கம் ஓடிப்போய் கோச்சிடம் கெஞ்சினார். கோச் உதட்டைப் பிதுக்கினார். "காகிதத்துல இருக்கிறதுதான் சார் வயசு."

மைதானத்தில் வெண்ணிலா இன்னும் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருசம் இட்டாரட்டுமா சார்?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"அடுத்த வருசம் இன்னும் ஒரு வயசு ஏறிடுமேம்மா!" ஆற்றாமை அவருக்குக் கோபமாகப் பொங்கியது. "எந்த மடையன் அவன்? ஒரு புள்ள வாழ்க்கையையே கெடுத்துட்டானே!"

"திட்டாதீங்க சார். பட்டினி கெடக்க வேணாம், மத்தியானம் சோறும் முட்டையும் துன்னட்டும்னுதான் எழுதினாரு."

செல்லியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நீங்க மீசை வச்சிருந்தீங்க."