தறி நின்றால் கேட்கும் குரல்

“தறி நின்னுட்ச்சே, இன்னாம்மா ஆச்சு?”

போன் கேட்டது. அறுந்த இழையை முடிச்சுப் போடத்தான் தறியை நிறுத்தினாள் காவ்யா. அதற்குள் இப்படி!

குரல் பட்டு முதலாளி சந்திரமோகனுடையது. ஆனால் அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை.

காவ்யா போனைச் சுட்டிக் காட்டினாள்.

“டிசைன் பாக்கத்தானே இந்த போனக் குடுத்தீங்க முதலாளி?”

“அதுக்குந்தாம்மா. தறிச் சத்தம் நின்னா அதுவே கேக்கும். நீ பாட்டுக்கு நெய்துகினு இரு.”

அவர் போய்விட்டார். குரல் போகவில்லை. குழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்டத் தறியை நிறுத்தினாலும் கேட்டது. போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். பானைக்குள்ளிருந்தும் அதே குரல், அதே கனிவு. குழந்தை வீறிட்டு அழுதது.

அப்படிக் கேட்கிற ஆப்பை எடுக்கவும் முடியவில்லை, வேறு ஆப் எதையும் போடவும் முடியவில்லை. ஆரணியில் பாதித் தெருவுக்கு முதலாளி இலவசமாகக் கொடுத்தது இப்படிப் பூட்டிய போன்தான்.

பின்கட்டில் காவ்யாவுக்கு இன்னொரு தறி உண்டு. அதில் கூலிக்கு நெய்கிற பொன்னம்மாளிடம் போய் அழுதாள்.

“மனுசன மனுசன் இப்டியா வேவு பாப்பான்? புள்ளைக்கு நிம்மதியா சோறு ஊட்ட முடியலக்கா!”

“அடப் பாவமே! பேஜாராப் போச்சே. கடையில குடுத்து அத மொதல்ல எடுத்துடும்மா” என்று கண்ணைத் துடைத்துவிட்டாள் பொன்னம்மாள்.

மறுநாளே போனை எடுத்துக்கொண்டு ஜெயவேலின் செல்போன் கடைக்கு ஓடினாள் காவ்யா.

“பூட்டத் தொறந்துட்டேங்கா. இனிமே எந்த ஆப் வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

“அந்தப் பேயி?”

“அது முதலாளி செஞ்சது இல்லக்கா. நெட்ல சும்மா கெடைக்குது. யார் வேணும்னாலும் எடுத்து, அவங்க குரலப் போட்டுக்கலாம். அவரு எடுத்துப் பூட்டி வெச்சிகினாரு, அவ்ளோதான். ஜல்தியா அழிச்சிடட்டுமா?”

காவ்யா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யார் வேணும்னாலுமா?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் நெய்துவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

போன் பேசவில்லை. அப்பாடா!

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சோறு ஊட்டினாள். எத்தனை நாள் ஆயிற்று இப்படி ஊட்டி!

பின்கட்டில் பொன்னம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்தாள் போலிருக்கிறது. அந்தத் தறி நின்றது.

“தறி நின்னுட்ச்சே, இன்னாக்கா ஆச்சு?”

பின்கட்டு ஜன்னலில் புதிதாக மாட்டியிருந்த காவ்யாவின் பழைய போன், கனிவாகக் கேட்டது.

குழந்தை நிமிர்ந்து காவ்யாவின் முகத்தைப் பார்த்தது.

அம்மா வாயே திறக்கவில்லை.