ஏழாவது இடம்

டிவியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சத்தம் இல்லை. போட்டியை வர்ணித்த சேஷனே நேரில் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் குரலை அணைத்து வைத்திருக்கிறாரே, இந்த ஜெயசீலனுக்கு எவ்வளவு கொழுப்பு! சேஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் காரியம் ஆகவேண்டும். சென்னையிலிருந்து கிளம்பி வந்து, டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மூன்று மாடி ஏறியது அதற்காகத்தான்.

முன்னாள் பாக்சர் ஜெயசீலன் பெயரில் வருஷா வருஷம் இணையத்தில் ஒரு பட்டியல் வரும். தமிழில் பாக்சிங் வர்ணனை செய்யும் ஏழு பேரில் யார் முதல், யார் கடைசி என்று. சேனல்காரர்களுக்கு அதுதான் வேதவாக்கு. மூன்று வருஷமாக ஏழாவது இடம் சேஷனுக்கு. இந்தத் தடவையும் அதே என்றால் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குப் பட்டியல் வருகிறது.

"சொல்லுங்க சார்," என்றார் ஜெயசீலன், சேஷனின் வாயையே உற்றுப் பார்த்தபடி. அவர் மனைவி பூங்கோதை டீயை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

சேஷன் செல்போனைப் பார்த்துப் படித்தார். "'யாராவது கீழே விழுந்தால் இவர் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிறது.' போன வருஷம் என்னைப் பத்தி எழுதினது. இவ்வளவு நுணுக்கமாக் கேக்கறீங்க, கொஞ்சம் இரக்கத்தோட கேக்கக் கூடாதா?"

ஜெயசீலன் சும்மா புன்னகைத்தார். சேஷனுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் அந்தப் பழைய பகைதான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே டெல்லியில் ஒரு ஃபைனல். காதோரம் வாங்கிய அடியில் சுருண்டு விழுந்த ஜெயசீலன் எழுந்திருக்கவில்லை. "நடிப்புக்கு ஏதாவது அவார்டு இருந்தா இவருக்குக் குடுங்கப்பா!" என்று மைக்கில் சொன்னார் சேஷன். டிவி பார்த்த ஊரே சிரித்தது. ஜெயசீலன் அதற்கப்புறம் கையுறை மாட்டவே இல்லை.

சேஷன் தலையைக் குனிந்துகொண்டார். டீ கிளாஸைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு நான் பேசினது மகா தப்பு. மன்னிச்சிடுங்க சார். இந்தத் தொழிலை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. ஆறாவது இடமாவது குடுங்க."

சேஷன் நிமிர்ந்தபோது ஜெயசீலன் பிஸ்கட் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"எடுத்துக்கோங்க சார். டெல்லி குளிர் எப்படி இருக்கு?"

சேஷன் விருட்டென்று எழுந்தார். வழியனுப்ப வாசல் வரை வந்த பூங்கோதையிடம் பொரிந்து தள்ளினார்.

"மன்னிப்புக் கேட்டா குளிரைப் பத்திக் கேக்கறாரே! ஒரு மனுஷனுக்கு இத்தனை வன்மமா?"

"அவருக்கு உங்க மேல கோவமே இல்ல சார். அன்னிக்கு அடியில போன காது, திரும்பி வரவே இல்ல. நம்ம வாயைப் பாத்துதான் புரிஞ்சுக்குவார். நீங்க குனிஞ்சுக்கிட்டுப் பேசிட்டீங்க."

செருப்பை மாட்டப்போன சேஷன் அப்படியே நின்றார். "அப்போ... பட்டியல்?"

"உங்க பேச்சைக் கேட்டு அன்னிக்கு வீட்டுல உக்காந்து நானும் சிரிச்சேன் சார்." பூங்கோதை கதவில் கை வைத்தாள்.

"பட்டியல் போடறது நான்தான்."