மரத்தின் மேல் பழி

"கேக் நல்லா வெந்திருக்கும்மா. மேல பூசின க்ரீம்ல மணமே இல்ல. உங்க பாகு சரியில்ல," என்றார் பாதிரியார்.

என் மனைவி ஒடில் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வருடமும் கேக் போட்டியில் பரிசு பக்கத்துத் தோட்டக்காரி ஃபெர்னாந்துக்குத்தான்.

"பாகு காய்ச்ச சாறு வடிக்கிற மேப்பிள் மரமெல்லாம் ஒண்ணா? வேணும்னா எங்க பாகுல ஒரு டப்பா தரேன், ஒடில்," என்றாள் அவள். மண்டபமே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் ரம்பத்தைத் தூக்கினேன். "என் பேரைக் கெடுத்த மரம் எதுக்கு? எல்லாத்தையும் வெட்டி அடுப்புல போடறேன்."

ஒடில் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். "வெட்டாதீங்க! பரிசு வாங்கினதே நம்ம பாகுதான்."

"உளறாதடி. ஜெயிச்சது அவ கேக்கு."

"கேக் அவளோடது, பாகு நம்மளது. அவ பாகாலதான் வருஷா வருஷம் ஜெயிக்கிறான்னு நெனச்சேன். போன ஞாயித்துக்கிழமை அவ பூசையில பாடிக்கிட்டிருந்தப்போ, அவ நிலவறையில நம்ம டப்பாவை வச்சுட்டு அவளோடதை எடுத்துட்டு வந்தேன். எல்லார் வீட்டு டப்பாலயும் ஒரே படம்தானே, அவளுக்குத் தெரியல."

"அப்போ நம்ம கேக்குல மணக்காதது?"

"அவ மரத்துப் பாகு."

ரம்பத்தைக் கீழே வைத்தேன். ஊரில் சொன்னால் மரத்தின் மானம் மிஞ்சும், பெண்டாட்டியின் மானம் போய்விடும்.

ஒடில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவகிட்ட இருக்கிற நம்ம டப்பால பாதி மிச்சம் இருக்கும். வர ஞாயித்துக்கிழமை நீங்க அவ வாசல்ல காவல் நில்லுங்க. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."